ரீல்ஸில் சினிமாப் பாட்டு போட்டேன், வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது!

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 47. பெயரும் கடைப் பெயரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். சுருக்கித் தருகிறேன்.

கணவர் வேலை பார்த்த கம்பெனி மூடியதும் வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கம்பும் கேழ்வரகும் கலந்த சத்துமாவு என்று செய்து விற்கத் தொடங்கினார். தீபாவளிக்கு முறுக்கும் உண்டு. முதலில் பில்டிங்குக்குள்ளேயே வியாபாரம், அப்புறம் வாட்ஸ்அப், அப்புறம் இன்ஸ்டாகிராம். விளம்பரத்துக்குப் பணம் இல்லாததால் எல்லாம் சொந்தக் கைவேலை. கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுக்கிறான், காசு வாங்குவதில்லை. போன மாதம் சத்துமாவுக்காகப் போட்ட ஒரு ரீல்ஸில் பிரபலமான சினிமாப் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, "சர்க்கரை நோய் ஓடியே போய்விடும்" என்று எழுத்தும் போட்டிருக்கிறார்கள். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். பாட்டின் உரிமையாளரும் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது: 15 நாளில் ரீல்ஸை எடுக்க வேண்டும், 2 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும், தவறினால் சிவில், கிரிமினல் நடவடிக்கை.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. கணவர், "அக்கவுண்டையே அழித்துவிடு" என்கிறார். அக்கா மகன், "30 செகண்டுக்குள் போட்டால் காபிரைட் வராது, சும்மா மிரட்டுகிறார்கள்" என்கிறான். ஒரு ஏஜென்சிக்காரர், "மாதம் 20,000 கொடுங்கள், இனி எல்லாப் பொறுப்பும் எங்களுடையது" என்கிறார். இதற்கு நடுவில் டோம்பிவிலியில் பொடி விற்கும் ஒருவர் இவருடைய வீடியோக்களையே எடுத்துத் தன் லோகோவை ஒட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார். "நான்தான் எதையும் பதிவு செய்யவில்லையே, எனக்கு உரிமை உண்டா? இல்லை, இந்த மார்க்கெட்டிங் எல்லாம் எனக்குச் சரிப்படாது என்று விட்டுவிடட்டுமா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வக்கீல் நோட்டீஸ் என்பது வழக்கு அல்ல, சம்மன் அல்ல, 2 லட்சம் என்பது அபராதமும் அல்ல. எதிர்த் தரப்பு கேட்கும் தொகை, அவ்வளவுதான். கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் பதிலே போடாமல் இருப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. பேசித் தீர்த்திருக்கக்கூடிய விஷயம் கோர்ட்டுக்குப் போவது பெரும்பாலும் இந்த மௌனத்தால்தான்.

அடுத்து, உங்கள் அக்கா மகன். நல்ல பிள்ளை, கை வேலைக்காரன், ஆனால் அவன் சொல்லும் 30 செகண்ட் கணக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. இது எங்கிருந்து கிளம்பியது என்றே தெரியவில்லை. என் ஆபீசுக்கு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். 1957-ஆம் ஆண்டின் காப்புரிமை (காபிரைட்) சட்டம் 52-ஆம் பிரிவில் சில நியாயமான பயன்பாடுகளுக்கு விலக்கு தருகிறது: சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி இப்படி. பொடி விற்பதற்காகப் பாட்டு போடுவது இதில் எதிலும் அடங்காது. பத்து செகண்டானாலும் பாட்டின் அடையாளமான பகுதி அதில் இருந்தால் போதும், மீறல்தான். ரீல்ஸின் கீழே "பாட்டின் உரிமை அதன் உரிமையாளருக்கே" என்று எழுதியிருந்ததாகச் சொல்கிறீர்கள். அது அனுமதி ஆகாது. சொல்லப்போனால், அடுத்தவர் பொருள் என்று தெரிந்தேதான் எடுத்தீர்கள் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

"இன்ஸ்டாகிராமே அந்தப் பாட்டைக் கொடுக்கிறதே" என்பது உங்கள் கேள்வி. நியாயமான குழப்பம். இன்ஸ்டாகிராமின் இசை நூலகத்தில் உள்ள பாட்டுகளை, அதை நடத்தும் மெட்டா நிறுவனம், ஆட்கள் தங்கள் சொந்தப் பகிர்வுக்குப் பயன்படுத்தத்தான் உரிமம் வாங்கி வைத்திருக்கிறது. வியாபாரத்துக்குப் பயன்படுத்த வேண்டுமானால் நாமே தனியாக உரிமம் பெற வேண்டும் என்று அவர்களுடைய இசை விதிகளிலேயே இருக்கிறது. அதனால்தான் பிசினஸ் அக்கவுண்டில் தேடினால் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் வருவதில்லை. பாட்டு வேண்டும் என்பதற்காகவே அக்கவுண்டைப் பர்சனலுக்கு மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அக்கவுண்டின் பெயரை மாற்றினாலும் அதில் நடப்பது வியாபாரம்தான். சட்டம் அதைத்தான் பார்க்கும். இன்னொன்று, மகனையோ மருமகளையோ அதே பாட்டைப் பாட வைத்துப் போட்டாலும் பிரச்சினை தீராது. பதிவு உங்களுடையதாக இருக்கும். வரியும் மெட்டும் வேறொருவருடையது.

கிரிமினல் என்ற வார்த்தையைப் பார்த்துத்தான் தூக்கம் போயிற்று என்கிறீர்கள். அதே காப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் இருப்பது உண்மை. தெரிந்தே செய்த மீறலுக்கான பிரிவு அது. வியாபார லாபத்துக்காகச் செய்யாதவர்களுக்குத் தண்டனையைக் குறைக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. உங்களுக்கு அந்தச் சலுகையைக் கேட்பது கஷ்டம், ஏனென்றால் நீங்கள் விற்கிறீர்கள். ஆனாலும் உடனே எடுத்துவிட்டு, எழுத்தில் பதில் போட்டு, பேச முன்வருகிற ஒரு வீட்டுத் தொழில் பெண்மணியின் மேல் இந்தப் பிரிவை முழு வேகத்தில் ஓட்டுவது நடைமுறையில் அரிது. நோட்டீஸில் அந்த வரி இருப்பது பெரும்பாலும் மேஜைக்கு வரவழைப்பதற்காக.

நோட்டீஸுக்கு என்ன செய்வது

வந்த நோட்டீஸ் உண்மையானதா என்று முதலில் பாருங்கள். பாட்டு கம்பெனிகளின் பெயரில் போலி மின்னஞ்சல்களும் சுற்றுகின்றன. எந்தப் பாட்டு, அதில் அவர்களுக்கு என்ன உரிமை, உங்கள் ரீல்ஸின் லிங்க், வக்கீலின் முழு முகவரி இவை இல்லாத நோட்டீஸ் சந்தேகத்துக்குரியது. "இங்கே கிளிக் செய்து பணம் கட்டவும்" என்று இருந்தால் தொடவே தொடாதீர்கள். வக்கீல் பெயரை அந்த மாநில பார் கவுன்சிலில் விசாரிக்கலாம். மகாராஷ்டிரா, கோவா இரண்டுக்கும் சேர்த்து மும்பையிலேயே இருக்கிறது.

உண்மையான நோட்டீஸ்தான் என்றால், ரீல்ஸை இன்றைக்கே கீழே இறக்குங்கள். ஆனால் அதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்: போட்ட தேதி, பார்த்தவர் எண்ணிக்கை, இன்சைட்ஸ் பக்கம், அந்த வாரம் வந்த ஆர்டர்கள். அழிக்காமல் ஆர்க்கைவ் செய்தாலே வெளியாருக்குத் தெரியாது, உங்களிடம் பதிவு இருக்கும். கணவர் சொல்கிறபடி மொத்த அக்கவுண்டையும் அழித்துவிட்டால் நடந்த மீறல் அழியப் போவதில்லை. உங்களுக்குச் சாதகமான சாட்சியம்தான் அழியும். அந்த ரீல்ஸால் உங்களுக்குக் கிடைத்தது ஆறு ஆர்டர் என்று எழுதியிருக்கிறீர்கள், இல்லையா? பேரம் பேசும்போது அந்த ஆறுதான் உங்கள் கையிலுள்ள துருப்புச் சீட்டு.

அதற்குப் பிறகு ஒரு வக்கீல் மூலம் பதில். ரீல்ஸை எடுத்தாகிவிட்டது, இனிப் போடமாட்டோம், இதனால் வந்த வருமானம் இவ்வளவுதான், நியாயமான உரிமத் தொகை என்றால் பேசத் தயார் என்ற அளவில் இருந்தால் போதும். போனில் கூப்பிட்டு அழுவதும் வேண்டாம், "என்னால் என்ன செய்ய முடியும், செய்துகொள்" என்று சண்டை போடுவதும் வேண்டாம். இரண்டும் பதிவாகலாம். தொகை ஒத்துவந்தால், "இந்த விவகாரத்தில் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துப் போட்ட கடிதம் வாங்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்கிறீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெறத் தகுதி உண்டு. வருமான வரம்பு, அந்தப் பிரிவில் தனியாகக் குறிப்பிடப்படாத மற்றவர்களுக்குத்தான் பார்ப்பார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்லுவார்கள். நம்மவர்கள் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

பாட்டைவிடப் பெரிய ஆபத்து

உங்கள் கடிதம் முழுக்கப் பாட்டைப் பற்றித்தான். எனக்கோ அந்த ரீல்ஸில் பயமாக இருப்பது பாட்டு அல்ல, "சர்க்கரை நோய் ஓடியே போய்விடும்" என்ற வரி.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம், 2006, தவறான விளம்பரத்துக்கு 53-ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. ஒரு உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், தணிக்கும், குணமாக்கும் என்று சொல்வதை 2018-இல் வந்த விளம்பரங்கள் மற்றும் உரிமைகோரல்கள் விதிமுறை தடை செய்கிறது. நோய் குணமாகும் என்று சொன்ன நிமிஷமே அது உணவா மருந்தா என்ற கேள்வியும் கிளம்பும். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் சட்டத்தின் அட்டவணையில், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில், சர்க்கரை நோயும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு பக்கம். அதன்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 10 லட்சம் வரை விதிக்கலாம்.

சட்டத்தை விடுங்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் ஒருவர் இந்த வரியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால்? "நான் சொல்லவில்லை, ரீல்ஸ் சொன்னது" என்று உங்களால் அந்த வீட்டு வாசலில் நிற்க முடியாது.

"நார்ச்சத்து நிறைந்தது" என்று எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எழுதலாம், ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. திட உணவில் 100 கிராமுக்கு குறைந்தது 6 கிராம் நார்ச்சத்து இருந்தால் "நிறைந்தது". 3 கிராம் இருந்தால் "நார்ச்சத்து உள்ளது" என்ற அளவுக்கு. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒருமுறை சத்துமாவைச் சோதித்து ரிப்போர்ட் வைத்துக்கொண்டால் அதையே பத்து ரீல்ஸுக்குச் சொல்லலாம். "100% சுத்தம்" என்பதில் அந்த 100%-ஐ எடுத்துவிடுங்கள். அந்தச் சொல்லைத் தவிர்க்கச் சொல்லி மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2025-இல் அறிவுறுத்தியிருக்கிறது. இயற்கையானது, சுத்தமானது, பாரம்பரியமானது போன்ற சொற்களுக்குக்கூட விதியில் நிபந்தனைகள் உண்டு. அதற்குப் பதில் என்ன போட்டீர்கள் என்பதை அப்படியே எழுதுங்கள்: "கம்பு, கேழ்வரகு, பொட்டுக்கடலை, சுக்கு, ஏலக்காய். சர்க்கரை சேர்க்கவில்லை." உண்மையாக இருக்கும்வரை இதில் வம்பு வருவது அரிது. பாக்கெட்டில் உங்கள் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இல்லையென்றால் அடுத்த ரீல்ஸுக்கு முன் அந்த வேலை.

காட்கோபரில் இருக்கும் ஒரு ஃபுட் விலாக்கருக்குப் பொடி பாக்கெட்டுகள் இலவசமாக அனுப்பி "நேர்மையான ரிவ்யூ" கேட்டதாகவும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். காசு கொடுக்கவில்லை என்பதால் அது விளம்பரம் இல்லை என்று நினைக்காதீர்கள். இலவசப் பொருள் வாங்கியதும் பொருளாதாரத் தொடர்புதான். இந்திய விளம்பரத் தரநிலைக் கவுன்சிலின் 2021 வழிகாட்டுதலும் அரசின் 2022 வழிகாட்டுதலும் அதைச் சொல்லத்தான் சொல்கின்றன. அவர் வீடியோவில் "விளம்பரம்" என்று, தமிழ் வீடியோ என்றால் தமிழிலேயே, எடுப்பாகத் தெரிய வேண்டும். கூகுளில் சொந்தக்காரர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போட வைப்பதையும் நிறுத்திவிடுங்கள். நீங்கள் அதைச் செய்ததாக எழுதவில்லை. ஆனால் உங்கள் அக்கா மகனுக்கு அந்த யோசனை வராமல் இருக்காது.

ஏஜென்சியிடம் கொடுத்தால் பொறுப்பு போய்விடுமா?

போகாது. அக்கவுண்ட் உங்களுடையது, பொருள் உங்களுடையது, லாபமும் உங்களுடையது. ஏஜென்சிக்காரர் திருட்டுப் பாட்டைப் போட்டாலும் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். பிறகு நீங்கள் ஏஜென்சியிடம் நஷ்ட ஈடு கேட்கலாம், ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால். "எல்லாப் பொறுப்பும் எங்களுடையது" என்று வாயால் சொன்னதை எழுத்தில் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

எல்லா ஏஜென்சியும் ஏமாற்று என்று சொல்லவில்லை. மாதம் 20,000 கொடுக்கும் அளவுக்கு உங்களுக்கு இப்போது வியாபாரம் இல்லை, அதுதான் விஷயம். பின்னால் கொடுப்பதானால் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கம், விளம்பரக் கணக்கு, கூகுள் மேப்பில் உள்ள கடைப் பதிவு எல்லாம் உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில் இருக்க வேண்டும். அவர்களுக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும். ஒப்பந்தம் முடிந்த அன்றைக்கே அனுமதியை எடுத்துவிட உங்களால் முடிய வேண்டும். பாட்டு, போட்டோ, எழுத்துரு எதற்கெல்லாம் உரிமம் வாங்கினார்கள் என்ற ரசீதை மாதாமாதம் கேளுங்கள்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, வீடியோ இரண்டுக்கும் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர். ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்காத ஒருவர் எழுதித் தரும் வாசகங்கள், கதைகள், கட்டுரைகள் எழுதியவருக்கே சொந்தம், காசு கொடுத்திருந்தாலும்கூட. எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் உங்களுக்கு வரும். அப்படி மாற்றும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ஆகவே "நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும்" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இதில் உங்கள் அக்கா மகனும் வருகிறான். காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்ததால், அந்த வீடியோக்களின் உரிமை சட்டக் கணக்கில் அவனுக்குப் போக வாய்ப்பு இருக்கிறது. இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும். நாளைக்கு அவன் வேலைக்குப் போய், வீட்டுக்குள் ஏதோ மனத்தாங்கல் வந்தால் சிரிப்பாக இருக்காது. ஒரு தாளில் எல்லா வீடியோக்களின் உரிமையையும் உங்களுக்கு மாற்றித் தருவதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், பதிலுக்கு ஏதாவது தொகையும் கொடுங்கள். அவனுக்கு ஒரு நல்ல மைக் வாங்கித் தரலாம், வேலைக்கும் ஆகும்.

டோம்பிவிலிக்காரர் விஷயம்

இங்கே நீங்கள் வாதி. காப்புரிமைக்குப் பதிவு கட்டாயம் இல்லை. வீடியோ உருவான அந்த நிமிஷமே உரிமை பிறந்துவிடும். பதிவு செய்தால் நிரூபிப்பது சுலபம், அவ்வளவுதான். உங்கள் போனில் இருக்கும் எடிட் செய்யாத மூல வீடியோவும் அதன் தேதியும் நல்ல சாட்சியம். மேலே சொன்ன தாளை அக்கா மகனிடம் வாங்கிக்கொண்டு, டோம்பிவிலிக்காரர் போட்ட ஒவ்வொரு வீடியோவையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இன்ஸ்டாகிராமின் காபிரைட் புகார்ப் படிவத்தில் லிங்க்குகளைக் கொடுங்கள். சினிமாப் பாட்டு உள்ள வீடியோக்களைப் புகாரில் சேர்க்காதீர்கள், வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்ள வேண்டாம்.

"என் ரெசிப்பியையும் திருடிவிட்டாள்" என்று கோபப்பட்டிருக்கிறீர்கள். அதற்குச் சட்டத்தில் இடமில்லை. உளுந்தும் மிளகாயும் என்ன விகிதம் என்பது ஒரு செய்முறை. அதற்குக் காப்புரிமை கிடையாது. அதை நீங்கள் விவரித்து எழுதிய எழுத்துக்கும் எடுத்த படத்துக்கும்தான் உண்டு. விகிதம் ரகசியமாக இருக்க வேண்டுமானால் கேமராவுக்கு முன்னால் கிண்ணத்தில் அளந்து போடாதீர்கள்.

கோபத்தில் அவர் பெயரைப் போட்டு "இவர் பொடியில் கலப்படம்" என்று ஒரு ரீல்ஸ் செய்து வைத்திருப்பதாகவும், இன்னும் போடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். போடவே போடாதீர்கள். 1999-இல் சொட்டு நீலம் விளம்பரம் ஒன்றைப் பற்றிய வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது இன்று வரை எடுத்துக்காட்டப்படுகிறது: ஒரு வியாபாரி தன் பொருள்தான் உலகிலேயே சிறந்தது என்று பீற்றிக்கொள்ளலாம், ஆனால் அடுத்தவர் பொருள் மோசம் என்று சொல்லக் கூடாது. "எங்கள் பொடிக்கு நிகர் இல்லை" என்று தாராளமாகச் சொல்லுங்கள். அதோடு நில்லுங்கள்.

வீடியோவைவிட உங்கள் கடைப் பெயரைக் காப்பது முக்கியம். 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறி (டிரேட்மார்க்) சட்டத்தின் கீழ் பொடி, மாவு வகைகளுக்கு 30-ஆம் வகுப்பில் விண்ணப்பிக்கலாம். தனி நபருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். கிடைத்தால் 10 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். மும்பையில் அந்த அலுவலகம் அந்தாப் ஹில்லில், உங்கள் வீட்டிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கிறது. பெயர் ஏற்கெனவே வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று அவர்களுடைய தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். அம்மன், முருகன் பெயர்களில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தத் தேடல் ரொம்ப அவசியம். அந்தப் பெயர்கள் பலரும் வைத்திருப்பார்கள்.

விட்டுவிடலாமா?

வேண்டாம். மார்க்கெட்டிங் என் தொழில் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. சினிமாப் பாட்டு போட்ட ரீல்ஸை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள், ஆறு ஆர்டர் வந்தது. இரும்புச் சட்டியில் உளுந்து சிவக்கிற வரை வறுக்கும் ஒரு வீடியோவை, பாட்டே இல்லாமல், சட்டியின் சத்தத்தோடும் மிளகாய்க் காரத்தில் உங்கள் தும்மலோடும் போட்டீர்கள். மூவாயிரம் பேர்தான் பார்த்தார்கள், 31 ஆர்டர். "தும்மலை வெட்ட மறந்துவிட்டான்" என்று வேறு வருத்தப்பட்டிருக்கிறீர்கள்.

பாட்டுக்காக வந்தவர் பாட்டைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். உளுந்து வறுபடுவதைப் பார்க்க வந்தவருக்குப் பொடி வேண்டும். கடன் வாங்கிய பாட்டு, கூகுளில் எடுத்த போட்டோ, எங்கோ படித்த மருத்துவக் குறிப்பு, இந்த மூன்றிலும்தான் உங்களுக்கு வம்பு வந்திருக்கிறது, வரப்போகிறது. உங்கள் அடுப்பு, உங்கள் கை, உங்கள் அனுபவம் இவற்றிலிருந்து வந்த எதிலும் வம்பு இல்லை. மும்பை மழைக் காலத்தில் முறுக்கு நமுத்துப் போகாமல் எப்படி வைப்பது, பொடியில் எண்ணெய் எப்போது விட வேண்டும், காலை 7.40 லோக்கலைப் பிடிக்கிறவருக்கு ஐந்து நிமிஷத்தில் பொடி இட்லி டப்பா எப்படிக் கட்டுவது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இதைச் சொல்லித்தான் ஆர்டர் வாங்கப் போகிறீர்கள். வாரத்துக்கு ஒன்று போட்டாலும் போதும்.

வாடிக்கையாளர் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுக் குழந்தை முறுக்கு கடிக்கும் வீடியோ அழகாகத்தான் இருக்கும். ஆனால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் "உங்கள் மகளின் வீடியோவை எங்கள் கடைப் பக்கத்தில் போடலாமா?" "போடுங்க" என்ற இரண்டு வரி இருந்தால்கூட உதவும். ஆர்டருக்காக வாங்கிய போன் நம்பர்களை எல்லாம் விளம்பர லிஸ்டில் சேர்ப்பதையும் இப்போதே நிறுத்துங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. கேட்டுச் சேர்த்த ஐம்பது நம்பர், கேட்காமல் சேர்த்த ஐந்நூறைவிட நல்லது. நம்மைப் பிளாக் செய்யமாட்டார்கள்.

கடைசியாக, தீபாவளி ரீல்ஸ் பாட்டே இல்லாமல் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷனிலும் யூடியூபின் ஆடியோ லைப்ரரியிலும் இலவச இசை நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றின் நிபந்தனையையும் ஒருமுறை படித்துவிட்டு எடுங்கள், யூடியூபில் எடுத்ததை வேறு இடத்தில் போடலாமா என்பதும் அதில் இருக்கும். நம்முடையதாகவே வேண்டுமென்றால் வழி இருக்கிறது. எழுதியவர் மறைந்து 60 ஆண்டு ஆன படைப்பு பொதுச் சொத்து. தியாகராஜர் 1847-இல் மறைந்தவர். பாரதியார் 1921-இல் மறைந்தார். அவர் பாடல்களின் உரிமையை அன்றைய சென்னை அரசே 1949-இல் எடுத்துக்கொண்டு பின்னால் மக்களுக்குப் பொதுவாக்கியது. இவற்றை யாரும் பாடலாம். ஆனால் யாரோ ஒரு வித்வானோ சினிமாப் பாடகரோ பாடிய பதிவை எடுத்துப் போடக் கூடாது. பதிவுக்குத் தனியாக 60 ஆண்டு உரிமை ஓடும். பாரதி பாட்டுக்குச் சினிமாவில் புதிதாகப் போட்ட மெட்டும் அப்படித்தான், இசையமைத்தவருக்குத் தனி உரிமை. உங்கள் மாமியார் பழைய மெட்டில் நன்றாகப் பாடுவார் என்று எழுதியிருக்கிறீர்களே, அவரையே பாடச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். அவர் பெயரையும் போடுங்கள். ஒரு சம்மதக் கடிதமும் வாங்கிவிடுங்கள், மாமியாராக இருந்தாலும்.